ஆறு வீட்டுக்காரன் கிட்ட கேட்போம்: நம்ம வீட்டை எப்படி அலங்கரிக்கிறது?

ஓம் சரவணபவ.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



இந்த வாரம் கொஞ்சம் வித்தியாசமான தலைப்பு: வீட்டு அலங்காரம். "முருகன் குரூப்ல இன்டீரியர் டிசைனா?"னு கேட்கத் தோணும். கொஞ்சம் பொறுங்க, கடைசி வரைக்கும் படிங்க.

நம்மள்ல நிறைய பேர் வேலைக்காக ஊரை விட்டு வந்தவங்க. சென்னையிலயோ பெங்களூருவிலயோ ஒரு வாடகை வீட்ல இருக்கோம். சிலர் நாலு பேரோட ரூம் ஷேர் பண்றோம். சிலர் இப்பத்தான் கல்யாணம் ஆகி முதல் வீடு பிடிச்சிருக்கோம். ராத்திரி படுத்ததும் கை தானா போனை எடுக்குது. வெள்ளைச் சுவர், தேக்கு ஊஞ்சல், மூலையில பெரிய இலைச் செடி, பித்தளை உருளியில மிதக்கிற பூ, பின்னாடி மஞ்சள் வெளிச்சத்துல ஜொலிக்கிற பூஜை அறை. அழகா இருக்கு, சேவ் பண்றோம். அடுத்ததையும் சேவ் பண்றோம். முந்நூறு படம் சேர்ந்த பிறகு தலையைத் தூக்கி நம்ம ரூமைப் பார்க்கிறோம். மடிக்காத துணி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஃப்ரிட்ஜ் மேல சாய்ச்சு வச்ச முருகன் படம்.

அந்த நேரத்துல மனசுல ஒரு சின்ன வெட்கம் வருது பாருங்க, அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசணும். "இதெல்லாம் ஒரு வீடா?"ங்கிற அந்த வெட்கம் நம்மளை ரெண்டு பக்கம் தள்ளும். ஒண்ணு, கையில இல்லாத பணத்தைக் கடன் வாங்கி செலவு பண்ண வைக்கும். இன்னொண்ணு, "சொந்த வீடு வரட்டும், அப்புறம் விளக்கு ஏத்திக்கலாம்"னு தள்ளிப்போட வைக்கும்.

அழகான வீட்டைப் பார்த்து ஆசைப்படுறது தப்பே இல்லை. நம்ம அப்பன் முருகனுக்குப் பேரே முருகு. முருகுன்னா அழகு, இளமை, மணம். அழகைத் தேடுறவன் அவனைத் தேடுறவன்தான். எங்கே தேடுறது, எப்படித் தேடுறதுங்கிறதுதான் கேள்வி.

படைவீடுன்னு ஏன் சொல்றோம்?

மத்த சாமி இருக்கிற இடத்தைக் கோவில், தலம், க்ஷேத்திரம்னு சொல்றோம். முருகன் இருக்கிற ஆறு இடத்தை மட்டும் "படைவீடு"ன்னு சொல்றோம். ஆறு வீடு. படையோட தங்கின வீடுன்னு ஒரு பொருள் சொல்வாங்க. நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படையில வர்ற வீடுகள் என்பதால் "ஆற்றுப்படை வீடு", அதுதான் "ஆறுபடை வீடு" ஆச்சுன்னும் சொல்வாங்க.

ஆற்றுப்படைன்னா என்ன? வழி காட்டுறது. ஒரு வள்ளல் கிட்ட பரிசு வாங்கித் திரும்புற கலைஞன், எதிர்ல வர்ற இன்னொரு ஏழைக் கலைஞனைப் பார்த்து, "நீயும் அங்கே போ, உன் குறை தீரும்"னு வழி சொல்றது. பத்துப்பாட்டுல அஞ்சு பாட்டு இந்த வகை. அதுல முதல் பாட்டுலயே நக்கீரர், வள்ளலுக்குப் பதிலா முருகனைக் காட்டி வழி சொல்றார். அவன் எந்தெந்த இடத்துல இருக்கான், அந்த இடம் எப்படி இருக்கும், என்ன மரம், என்ன பூ, என்ன சத்தம், எல்லாத்தையும் வரிசையா சொல்றார்.

யோசிச்சுப் பாருங்க. வீட்டுக்கு இன்ஸ்பிரேஷன் தேடுற பிள்ளைகளுக்கு இதைவிடப் பழைய, இதைவிட நல்ல கையேடு எங்கே கிடைக்கும்? ஆறு வீடு இருக்கிறவன் கிட்டயே கேட்டுருவோம்.

இந்த ஆறு வீட்டையும் வரிசையாப் பார்த்தா ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியும். ஆறும் ஒரே மாதிரி இல்லை. ஒண்ணு குகை, ஒண்ணு கடற்கரை, ஒண்ணு மலை, ஒண்ணு கட்டின மலை, ஒண்ணு சோலை. ஒவ்வொரு வீடும் அது நிக்கிற மண்ணைப் பார்த்து அமைஞ்சது. திருச்செந்தூரைக் காப்பி அடிச்சு பழனியில வைக்கலை. நாங்க கோடு எழுதுறவங்க பாஷையில சொன்னா, ரிக்வயர்மென்ட் படிக்காம வேற ப்ராஜெக்ட் கோடை அப்படியே ஒட்டினா ஓடாது. முருகன் ஆறு வீட்டுக்கும் ஆறு ரிக்வயர்மென்ட் படிச்சிருக்கான்.

1. திருப்பரங்குன்றம்: மாத்த முடியாததை மதிக்கிற வீடு

வாடகை வீட்ல இருக்கிறவங்க முதல்ல பார்க்க வேண்டிய வீடு இது. மதுரை பக்கத்துல, மலையைக் குடைஞ்சு 8-ஆம் நூற்றாண்டு பாண்டியர் காலத்துல உருவான குடைவரை. தெய்வானையைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட இடம். முருகன் இங்கே உட்கார்ந்த கோலத்துல இருக்கார். கருவறை மூர்த்திகள் எல்லாம் அந்த மலைப் பாறையிலேயே செதுக்கினவங்க. தனியா நகர்த்த முடியாது. அதனால மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. வேலுக்குத்தான் அபிஷேகம்.

இதை நல்லா கவனிங்க. பாறையை மாத்த முடியாது, சரி. பாறையோட சண்டை போடலை. நகர்த்தக்கூடிய வேலைக் கொண்டுவந்து அதுல முழு வழிபாட்டையும் செஞ்சாங்க.

ஹவுஸ் ஓனர் "சுவத்துல ஆணி அடிக்காதே, பெயின்ட் மாத்தாதே"ன்னு சொல்லிட்டாரா? அதுதான் உங்க பாறை. அதை விடுங்க. நகர்த்தக்கூடியது என்ன இருக்குன்னு பாருங்க. ஒரு மரப்பலகை, அது மேல ஒரு சிவப்புத் துணி, ஒரு பித்தளைச் சொம்புல பச்சரிசி நிரப்பி அதுல நிக்க வச்ச சின்ன வேல், நுனியில ஒரு எலுமிச்சம்பழம். வீடு மாறும்போது ஒரு பையில எடுத்துட்டுப் போயிரலாம். ஓனரோட சுவர் ஓனர்கிட்டயே இருக்கும், உங்க முருகன் உங்களோட வருவான்.

2. திருச்செந்தூர்: திசை பார்த்து அமைஞ்ச வீடு

செந்தூர்ல ராஜகோபுரம் எந்தப் பக்கம் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? மேற்குல. ஒன்பது நிலை. மூலவரோ கிழக்கே கடலைப் பார்த்து நிக்கிறார். சாமிக்கு நேர் எதிர்ல அலை அடிக்குது, அதனால கோபுரம் பின்பக்கம் போயிருச்சு. நாம உள்ளே போறது தெற்குப் பக்கம் சண்முக விலாசம் வழியா. வழக்கமா முன்பக்கம் இருக்க வேண்டியது பின்னாடி இருக்கு. அதனால செந்தூர் அழகு குறைஞ்சதா? இல்லை, அந்த இடத்துக்கு அதுதான் சரி.

உங்க வீட்டுக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் வருது? இதுக்குப் பதில் தெரியாமலே சோபா கலர் தேடிட்டு இருக்கோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனை வச்சுட்டு வீட்ல உட்காருங்க. காலையில வெயில் எந்தச் சுவர்ல விழுது? சாயங்காலம் எந்த ஜன்னல்ல காத்து வருது? எந்த மூலை பகல்லயே இருட்டு? வெயில் வர்ற இடத்துல துளசி வைக்கலாம். இருட்டு மூலைக்கு ஒரு மஞ்சள் பல்பு போதும். வெள்ளை ட்யூப்லைட் கண்ணைக் குத்துதுன்னா, டப்பாவுல 2700 அல்லது 3000 கெல்வின்னு போட்ட எல்.இ.டி. வாங்குங்க. விளக்குச் சுடர் நிறத்துக்குக் கிட்ட இருக்கும்.

அங்கேயே இன்னொரு அதிசயம் நாழிக்கிணறு. சுத்தி உப்புக்கடல், நடுவுல ஒரு சின்னக் கிணத்துல குளிக்கிற மாதிரி தண்ணி. வீடு பெருசா இருக்கணும்னு இல்லை. ஒரு சதுர அடி இடத்துல நல்ல தண்ணி ஊறினா போதும்.

3. பழனி, திருஆவினன்குடி: கோலம் மாறுற வீடு

பழனி கதை எல்லாருக்கும் தெரியும். பழம் கிடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு வந்த பிள்ளை. மலையடிவாரத்துல திருஆவினன்குடியில மயில் மேல உட்கார்ந்த குழந்தை வேலாயுதர். மலை மேல கோவணம், கையில தண்டு, ஆண்டிக் கோலம். போகர் செஞ்ச நவபாஷாணத் திருமேனின்னு காலங்காலமா சொல்றோம்.

அந்த ஆண்டிக்கே சாயரட்சையில ராஜ அலங்காரம். கிரீடம், பட்டு, நகை. பார்க்கக் கண் ரெண்டு போதாது. ஆனா அந்த அலங்காரம் அப்படியே நிக்காது. கலைச்சுருவாங்க. மறுநாள் காலையில பழைய ஆண்டி. மறுபடி சாயங்காலம் ராஜா. ரெண்டும் அவன்தான்.

தமிழ்ல இந்த வழக்கம் ஆழமா இருக்கு. கோலம் போடுறோம், சாயங்காலத்துக்குள்ள கலைஞ்சிடும். தோரணம் கட்டுறோம், வாடிடும். பூ வைக்கிறோம், நிர்மால்யம் ஆகிடும். நம்ம முன்னோர் அலங்காரம்னு சொன்னது தினமும் செய்யறதை. இப்போ நாம ஒரே தடவை லட்சக்கணக்குல செலவு பண்ணி, ஃபால்ஸ் சீலிங் போட்டு, "முடிஞ்சுது"ன்னு நினைக்கிறோம். ஆறு மாசத்துல அது கண்ணுக்கே தெரியாமப் போயிடுது. அடுத்த வீடியோவைப் பார்த்ததும் பழசாத் தெரியுது.

அதனால நாள் முழுக்க வீடு ஆண்டி மாதிரி எளிமையா இருக்கட்டும். வெள்ளி, செவ்வாய், சஷ்டி, கிருத்திகை அன்னைக்கு ராஜ அலங்காரம் பண்ணுங்க. நல்ல துணியை விரிங்க, செவ்வரளி வாங்குங்க, எல்லா விளக்கையும் ஏத்துங்க. மறுநாள் எடுத்து மடிச்சு வச்சிடுங்க. கலைக்கிற அலங்காரம்தான் மறுபடி மறுபடி புதுசாத் தெரியும்.

4. சுவாமிமலை: அளந்து செஞ்ச வீடு

கும்பகோணம் பக்கம் சமவெளி. மலையே கிடையாது. மலைக்கடவுளுக்கு மலை இல்லாத ஊர்ல என்ன பண்றது? கட்டினாங்க. கட்டுமலை. ஏறுற 60 படியும் 60 தமிழ் வருஷம். அப்பாவுக்கே பிள்ளை பாடம் சொன்ன இடம்.

அந்த ஊர்ல ஸ்தபதிகள் இன்னைக்கும் மெழுகு வார்ப்பு முறையில ஐம்பொன் சிலை செய்றாங்க. காவிரி வண்டல் மண்ணுலதான் அச்சு. சிலைக்கு அளவு எடுக்கிற விதம் ரொம்ப அழகு. செய்யப்போற சிலையோட உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்குவாங்க. அந்த ஓலையை மடிச்சு மடிச்சு பாகம் பிரிப்பாங்க. முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவுன்னு அந்த மடிப்புலேர்ந்தே வரும். அதாவது ஒவ்வொரு சிலையோட அளவும் அந்தச் சிலையோட உயரத்துலேர்ந்தே பிறக்குது.

படத்துல பார்த்த அலமாரி நல்லா இருந்தது, ஆர்டர் பண்ணினோம், வந்ததும் பாத்ரூம் கதவு பாதிதான் திறக்குது. இப்படி எத்தனை வீட்ல நடக்குது! வாங்குறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க. சுவர் நீளம், கதவு திறக்குற தூரம், லிஃப்ட் வாசல் அகலம் மூணையும் அளந்து எழுதுங்க. பழைய செய்தித்தாளை அந்தப் பொருளோட அளவுக்கு வெட்டித் தரையில விரிச்சு ரெண்டு நாள் அதைச் சுத்தி நடங்க. இடிக்குதா, இல்லையான்னு தெரிஞ்சிடும். அதுதான் நம்ம தென்னை ஓலை.

முருகன் படத்தையும் அளந்து வைங்க. நீங்க உட்கார்ந்து கும்பிடுறவங்களா, நின்னு கும்பிடுறவங்களா? அதைப் பொறுத்து உயரம். அவன் கண்ணும் உங்க கண்ணும் சந்திக்கிற உயரம்தான் சரியான உயரம்.

5. திருத்தணி: கோபம் தணியற வீடு

சூரனோட போர் முடிஞ்சு சினம் தணிஞ்சு அமர்ந்த இடம் தணிகை. 365 படி, வருஷத்துக்கு ஒரு நாள் கணக்கு. டிசம்பர் 31 ராத்திரி திருப்படித் திருவிழா அன்னைக்கு படிப்படியா பாடிட்டு ஏறுறவங்களைப் பார்த்தாலே மனசு லேசாகிடும்.

ஆபீஸ்ல நமக்கும் தினம் ஒரு சூரசம்ஹாரம்தான். ரிலீஸ், எஸ்கலேஷன், ராத்திரி 11 மணி கால். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது சினம் தணியணும். அதுக்கு எந்தப் பொருள் உதவுது, எது இன்னும் சூடு ஏத்துது? இந்த ஒரு கேள்வியை வச்சே வீட்டைச் சரி பண்ணிடலாம். நுழைஞ்சதும் கண்ணுல படுறது செருப்புக் குவியலும் டெலிவரி அட்டைப்பெட்டியும்னா, முதல் வேலை அதுதான். அலங்காரத்துக்குப் பாதி விடை தேவையில்லாததை வெளியே போடுறதுல இருக்கு. ஆபீஸ் லேப்டாப்பை முருகன் பக்கத்துல வைக்காதீங்க. படுக்கைக்கு எதிர்லயும் வைக்காதீங்க. அதுக்கும் ஒரு மூலை கொடுத்து, வேலை முடிஞ்சா ஒரு துணி போட்டு மூடிடுங்க.

6. பழமுதிர்சோலை: வந்தவங்களுக்கு இடம் இருக்கிற வீடு

அழகர்கோவில் மலை மேல சோலைக்குள்ள இருக்கிற வீடு. வெயில்ல நடந்து களைச்சு வந்த ஔவைப்பாட்டிக்கு, நாவல் மரத்து மேல உட்கார்ந்திருந்த மாட்டுக்காரப் பையன் பழம் உலுக்கிப் போட்ட இடம். சுட்ட பழம் கேட்டு பாட்டி மண்ணை ஊதின கதைதான். கதையில பாடம் ஞானத்தைப் பத்தி. ஆனா முதல்ல நடந்தது என்ன? ஒரு வயசானவங்க வந்தாங்க, உட்கார நிழல் இருந்தது, சாப்பிடப் பழம் இருந்தது.

ஊர்லேர்ந்து அம்மா வந்தா உங்க வீட்ல எங்கே உட்காருவாங்க? தரையோட ஒட்டின ஜப்பான் ஸ்டைல் கட்டில் படத்துல அழகுதான். முட்டி வலிக்கிற அப்பா அதுலேர்ந்து எப்படி எழுந்திருப்பார்? கைப்பிடி வச்ச ஒரு நாற்காலி, வழுக்காத ஒரு மிதியடி, ராத்திரி பாத்ரூம் போற வழியில ஒரு சின்ன லைட். இது எந்த ரீல்ஸ்லயும் வராது. ஆனா ஆறாவது வீட்டோட டிசைன் இதுதான்.

நக்கீரர் காட்டுற மலையடி அலங்காரம்

இந்த ஆறாவது வீட்டைப் பாடும்போது நக்கீரர், குறமகள் ஒருத்தி முருகனை வரவழைக்க இடத்தை எப்படித் தயார் பண்றான்னு விவரிக்கிறார். கோழிக்கொடி ஏத்துறா. ஒண்ணுக்கொண்ணு மாறுபட்ட ரெண்டு நிறத் துணி உடுத்துறா. சிவப்பு நூல் கட்டுறா. வெண்பொரி தூவுறா. மஞ்சளும் சந்தனமும் தெளிக்கிறா. செவ்வலரி மாலையை நறுக்கித் தொங்க விடுறா. வாசனைப் புகை. குறிஞ்சிப் பண். அதோட சேர்ந்து மலையருவிச் சத்தம்.

நிறம், துணி, பூ, புகை, ஒலி எல்லாம் இருக்கு. இன்னைக்கு டிசைனர்கள் மூட் போர்டுன்னு சொல்றாங்களே, அதுல இருக்கிற அத்தனையும் இருக்கு. இதுல ஒண்ணு கூட வெளியூர்லேர்ந்து வரவழைச்சதா தெரியலை. அந்த மலையில விளைஞ்சது, கைக்கு எட்டினது. சிவப்புக்கு எதிரா வெள்ளைன்னு வச்சு எடுப்பாக் காட்டத் தெரிஞ்ச கண் அவளோடது. அவளுக்கு முருகன் வரலைன்னு நக்கீரர் சொல்லலை.

இதுக்கு முன்னாடி அவர் இன்னொரு பட்டியலும் தர்றார். முருகன் இருக்கிற இடங்கள்: ஊர் விழா நடக்கிற இடம், காடு, சோலை, ஆத்து நடுத் திட்டு, குளம், தெருக்கள் சந்திக்கிற இடம், புதுசாப் பூத்த கடம்ப மரம், மன்றம். பெரிய கோவில்ல ஆரம்பிச்சு ஒரு மரத்தடி வரைக்கும் வந்துட்டார். மரத்தடிக்கு வர்றவன் உங்க ஒத்தை ரூமுக்கு வரமாட்டானா?

அப்போ படம் பார்க்கவே கூடாதா?

பார்க்கலாம். நம்ம தாத்தா பாட்டியும் பார்த்தாங்க. 1894ல ராஜா ரவிவர்மா பம்பாய்ல அச்சகம் ஆரம்பிச்சப்புறம் சாமி படம் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தது. கோவில்பட்டியில இருந்து கொண்டையராஜு (1898–1976) வரைஞ்ச முருகன்கள் சிவகாசியில அச்சாகி, காலண்டரா தமிழ்நாடு முழுக்க வீடு வீடாப் போச்சு. நம்ம மனசுல முருகன்னு நினைச்சதும் வர்ற அந்தச் சிரிச்ச முகம், ரோஸ் கன்னம், பின்னாடி விரிஞ்ச மயில், இதுல பெரும்பங்கு அந்தக் காலண்டர்களோட கொடை.

ஒரு வருஷத்துக்கு ஒரு படம். தினமும் அதே முகம். வருஷம் முடிஞ்சாலும் தேதித்தாளைக் கிழிச்சுட்டு படத்தை ஃப்ரேம் போட்டாங்க. இப்போ நாம ஒரு நிமிஷத்துக்கு நாப்பது படம் பார்க்கிறோம், ஒண்ணும் நிக்கலை. அதனால சேவ் பண்ண முந்நூறுல மூணை மட்டும் எடுங்க. ஒவ்வொண்ணையும் பார்த்து, "இதுல எனக்கு எது பிடிச்சது?"ன்னு ஒரு வரி எழுதுங்க. பெரும்பாலும் விடை அந்த விலை உயர்ந்த சோபாவா இருக்காது. ஜன்னல் வெளிச்சமா இருக்கும், ஒழுங்கா இருக்கிற மேஜையா இருக்கும், ஒரு விளக்கா இருக்கும். அதைக் கடன் வாங்காமலே கொண்டு வந்துரலாம்.

கடனைப் பத்தி ஒரு வார்த்தை

போன மாசம் நம்ம குரூப்ல ஒரு தம்பி தனியா மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டைச் சரி பண்ண பர்சனல் லோன் எடுக்கலாம்னு இருக்கேன். பொண்ணு வீட்ல வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க? பூஜை அறை கூட இல்லை. முருகன் கோவிச்சுக்குவாரா?"

தம்பி, உங்களுக்கும் உங்களை மாதிரி கேட்க நினைச்சு கேட்காம இருக்கிற எல்லாருக்கும் சேர்த்தே சொல்றேன். குக்கர், மெத்தை, ஃபேன் மாதிரி தேவையானது வேற. அது இல்லாம வாழ முடியாது, வாங்குங்க. ஆனா யாரோ வந்து பார்த்து மெச்சணும்னு எடுக்கிற கடனுக்கு, அவங்க டீ குடிச்சுட்டுப் போன பிறகும் மூணு வருஷம் ஈ.எம்.ஐ. கட்டணும். அந்த மூணு வருஷமும் வீட்ல எந்த விளக்கு எரிஞ்சாலும் மனசுல இருட்டுதான்.

முருகன் கோவிச்சுக்குவாரான்னு கேட்டீங்க. பிறந்தது சரவணப் பொய்கையில, வளர்த்தது ஆறு கார்த்திகைப் பெண்கள். அப்புறம் ஒரு நாள் வீட்டை விட்டு வந்து கோவணத்தோட ஒரு மலையில நின்னவர். ஊரை விட்டு வந்து, கையில ஒண்ணும் இல்லாம, புது இடத்துல நிக்கிறதுன்னா என்னன்னு அவருக்குத் தெரியாதா? அவர் நின்ன இடத்தைத் தேடித்தான் இன்னைக்கு உலகமே காவடி எடுத்து வருது. இடம் பெருசா இருந்ததால அவர் வரலை. அவர் வந்து நின்னதால அது பெரிய இடம் ஆச்சு. உங்க ஃப்ரிட்ஜ் மேல சாய்ச்சு வச்சிருக்கிற அந்தப் படமும் அவர்தான், தம்பி. வேணும்னா இன்னைக்கு ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து ஒரு பலகை மேல வைங்க. அவ்வளவுதான் அவசரம்.

வர்ற சஷ்டிக்குள்ள செய்யக்கூடிய ஆறு வேலை

1. வீட்ல உடைஞ்சது, கிழிஞ்சது, ஒரு வருஷமாத் தொடாதது, இதுல ஆறு பொருளை எடுத்து வெளியேத்துங்க. நல்லா இருக்கிறதை யாருக்காவது கொடுங்க.

2. முருகனுக்கு ஒரு இடம். அலமாரியில ஒரு தட்டு போதும். தினமும் துடைக்க முடியற இடமா இருக்கட்டும். ரூம் ஷேர் பண்றவங்க கூட இருக்கிறவங்க கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வைங்க.

3. ஒரு விளக்கு. திரைச்சீலை, கேஸ் சிலிண்டர், பேப்பர், மேல் தட்டுப் பலகை எதுக்கும் பக்கத்துல வேண்டாம். கீழே ஒரு தட்டு வைங்க. ஏத்திட்டு வெளியே போகாதீங்க. அபார்ட்மென்ட்ல புகை அலாரம் இருந்தா சாம்பிராணியை ஜன்னல் பக்கம் வைங்க.

4. வாசல்ல அரிசி மாவுல ஒரு அறுகோணக் கோலம். மேல் நோக்கின முக்கோணம் ஒண்ணு, கீழ் நோக்கினது ஒண்ணு. ஆறு மூலையில ச, ர, வ, ண, ப, வ. காலடி படாம இருக்கணும்னா எழுத்தை மட்டும் விட்டுடுங்க, இல்லைன்னா பூஜைப் பலகை முன்னாடி போடுங்க. எறும்பு சாப்பிட்டாலும் புண்ணியம். பசங்களும் போடலாம், கோலத்துக்கு ஆண் பெண் கிடையாது.

5. ஒரு உயிருள்ள செடி. துளசியோ, செவ்வரளியோ, வெயில் வராத வீடுன்னா மணி பிளான்ட்டோ. செவ்வரளி விஷத்தன்மை உள்ளது. குழந்தையோ, நாய் பூனையோ இருக்கிற வீடுன்னா அது வேண்டாம்.

6. வர்றவங்க உட்கார ஒரு நல்ல நாற்காலி. அதுல துணி குவிக்கக்கூடாது. இதுதான் ஆறுலயும் கஷ்டமான விரதம்னு எனக்குத் தெரியும்!

இதெல்லாம் முடிச்சாலும் உங்க வீடு போன்ல பார்த்த வீடு மாதிரி இருக்காது. உங்க வீடு மாதிரி இருக்கும். பரங்குன்றம் செந்தூர் மாதிரி இல்லாத மாதிரி.

செஞ்சதும் போட்டோ எடுத்து குரூப்ல போடணும்னு அவசியம் இல்லை. போடணும்னு தோணினா சந்தோஷமாப் போடுங்க. ஆனா முதல்ல விளக்கை ஏத்தி, அஞ்சு நிமிஷம் அவன் முன்னாடி சும்மா உட்காருங்க. "முருகா, இதுதான் என் வீடு. வா, உட்காரு"ன்னு சொல்லுங்க.

வேலைக்காக வீட்டைப் பிரிஞ்சு இருக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்கும், இருக்கிற இடமே படைவீடா அமைய எம்பெருமான் அருள் புரியட்டும்.

புது வீடு பிடிச்சிருக்கிற, தனியா இருக்கிற ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை.
முருகா சரணம்!